ஒப்புதல் வாக்குமூலம்

வாக்குமூலம் என்றால் வாய்வழியாகச் சொன்னது, அவ்வளவுதான். வடமொழி வேர் கொண்ட ‘வாக்கு’, ‘மூலம்’ இரண்டும் சேர்ந்த சொல். இங்கே ‘மூலம்’ என்பது ‘வழியாக’. விபத்தைப் பார்த்தவர் சொல்வதும் வாக்குமூலம்தான், உயிர் போகும் தறுவாயில் ஒருவர் சொல்வதும் (மரண) வாக்குமூலம்தான். செய்த குற்றத்தைத் தானே ஏற்றுச் சொன்னால் மட்டுமே ஒப்புதல் வாக்குமூலம். ஆங்கிலத்தின் ‘கன்ஃபெஷன்’ இதுதான். நாளிதழ்கள் ‘ஒப்புதல்’ என்பதை விட்டுவிட்டு, ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று எதற்கும் தலைப்புப் போடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

‘கன்ஃபெஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. ஏற்றுக்கொள்ளுதல், வெளிப்படச் சொல்லுதல் என்பது வேர்ப்பொருள். கத்தோலிக்கர்கள் இதையே முன்பு ‘பாவசங்கீர்த்தனம்’ என்றார்கள், இப்போது ‘ஒப்புரவு’ என்கிறார்கள்.

எது ஒப்புதல் வாக்குமூலம் என்று, 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் வரையறுக்கவில்லை. 1939-இல் பாகலா நாராயண சுவாமி வழக்கில் பிரிட்டிஷ் ஆட்சியில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில்தான் எல்லை போட்டது: குற்றத்தையே ஏற்க வேண்டும், அல்லது குற்றத்தை ஆக்கும் உண்மைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். ‘கொலை செய்த கத்தி என்னுடையதுதான்’ என்பது மட்டும் போதாது.

அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி (2024-இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 23-ஆம் பிரிவு), போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. இதை மாற்றியது தடா எனப்பட்ட 1987-ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்றது அதன் 15-ஆம் பிரிவு. ராஜீவ் கொலை வழக்கில் முக்கியச் சான்று இந்த வாக்குமூலங்கள்தான். 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றம் கிடையாது, மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு. 1999 மே மாதத் தீர்ப்பில் 19 பேர் விடுதலை, 4 பேருக்கு மரண தண்டனை, 3 பேருக்கு ஆயுள். தடா குற்றங்கள் நிற்கவில்லை. ஆனால் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்று கோர்ட் சொன்னது. ஒருவர் சொன்னது உடன் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகவும் முதன்மைச் சான்றாகுமா என்பதில் நீதிபதி கே.டி. தாமஸ் மற்ற இருவரிடமிருந்து மாறுபட்டார். குற்றமுறு சதி வழக்கில் உயிர்நாடியே அந்தக் கேள்விதான்; சதிக்கு நேரடிச் சான்று கிடைப்பது அபூர்வம்.

அப்புறம் 2013-இல், அந்த வழக்கில் குண்டுக்கான பேட்டரி வாங்கித் தந்ததாகத் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். அந்த ஒரு வரி இருந்திருந்தால், ‘கத்தி என்னுடையது’ என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2022-இல் பேரறிவாளன் விடுதலையானது வேறு காரணத்தால்: அவரை விடுவிக்கும் பரிந்துரையில் ஆளுநர் முடிவெடுக்காமல் காலம் தாழ்த்தியதால், அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றமே விடுவித்தது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? ‘ஒப்புதல்’ என்று தனியாக எழுதினால் அரசு ஒப்புதல், திட்ட ஒப்புதல் என்று அனுமதிப் பொருள் முந்திக்கொள்ளும். ‘குற்ற ஒப்புதல்’ என்றால் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. என் ஓட்டு அதற்கே. பின்னர் மறுத்தால் ‘திரும்பப் பெற்ற குற்ற ஒப்புதல்’. இதைப் ‘பிறழ் சாட்சி’யோடு சேர்த்துவிடக் கூடாது. முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்பவர் சாட்சி, இங்கே பேசுபவர் குற்றம்சாட்டப்பட்டவர்.