ராயல்டி: ராஜாவின் பங்கு கலைஞனுக்கு வந்த கதை

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு காபிக் கடை. எதிரே உட்கார்ந்திருந்த நண்பர், கீபோர்டு வாசிப்பவர், கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். சொந்தக் காசு போட்டு ஒரு முருகன் பாட்டை இணையத்தில் ஏற்றியிருந்தார். எந்த நாட்டில், எந்த மாதம், எத்தனை பேர் கேட்டார்கள் என்று வரிவரியாகக் கணக்கு. பணம் என்ற கட்டத்தில் மட்டும் முக்கால்வாசி வரிகளில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம்தான். "ராயல்டி வந்திருக்கு சார். காபிக்கு நீங்களே குடுத்துடுங்க" என்றார்.

ஒரு படைப்பு பயன்படும்போதெல்லாம் படைத்தவருக்கு வரும் பங்குதான் ராயல்டி. சொல் என்னவோ ராஜா வீட்டுச் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வேரில் இருப்பது லத்தீனின் ரெக்ஸ், அதாவது அரசன். வடமொழி ராஜனும் அதே குடும்பம். அந்தக் கணக்கில் கிருஷ்ணதேவராயருக்கும் ராயல்டிக்கும் தூரத்துச் சொந்தம். மண்ணுக்கடியில் கிடக்கும் பொன்னும் வெள்ளியும் அரசனுடையவை, தோண்டுகிறவன் அவனுக்குப் பங்கு கட்ட வேண்டும் என்பது இங்கிலாந்தில் பழைய வழக்கம். அந்தப் பங்குக்கும் இந்தப் பெயரே வந்தது. கல் குவாரிக்காரர் இன்றும் அரசுக்குக் கட்டுவது ராயல்டிதான். 19ஆம் நூற்றாண்டில் இச்சொல் புத்தகத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் தாவியபோது, வாங்குகிற கை மாறிவிட்டது. ராஜா இருந்த இடத்தில் எழுதியவன் வந்து உட்கார்ந்தான்.

ராயல்டிக்குத் தமிழில் உரிமைத்தொகை, உரிமத்தொகை என்று இரண்டும் புழங்குகின்றன. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் உரிமம் என்றால் லைசென்ஸ். உரிமத்தொகை என்பது அனுமதிக்கு ஒரு தடவை கட்டுகிற பணம் போல ஒலிக்கிறது. உரிமைத்தொகை பொருத்தமானது. ஆனால் 2023 செப்டம்பருக்குப் பிறகு ஊரில் யாரிடம் அதைச் சொன்னாலும் தமிழக அரசு மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய உதவித் திட்டம்தான் நினைவுக்கு வரும்!

2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் மும்பைப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். படத்துக்காகச் செய்த பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அதை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாத்தியம் வாசித்தவர்கள் பாடு வேறு. படத்தில் போகிற போக்கில் ஒரு துண்டு வாசித்தவர், பெயர் போடும் வழக்கமும் இல்லாதவர் என்றால், சட்டத்தின் கண்ணில் அவர் பெரும்பாலும் நிகழ்த்துக்கலைஞரே அல்ல.

அப்புறம் 'ராயல்டி ஃப்ரீ'. இதை இலவசம் என்று நினைப்பவர்கள் பலர். அப்படியில்லை. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் மறுபடி ராயல்டி கட்ட வேண்டாம், அவ்வளவுதான். சாரங்கி என்ற வடநாட்டு வில் வாத்தியக்காரர் ஒரு நாள் உட்கார்ந்து நாற்பது துண்டு வாசித்துப் பதிவு செய்துவிட்டுக் கூலி வாங்கிப் போவார். அதே துண்டுகள் நூறு விளம்பரங்களில் அழும். என் நண்பரும் அப்படிப் பதிவான துண்டுகளைத்தான் கீபோர்டில் ஏற்றி அழுத்துகிறார், அதையும் சொல்ல வேண்டும். முன்பு சாரங்கிக்கு ஆள் கூப்பிட்ட ஸ்டூடியோக்கள் இப்போது அவரை மட்டும் கூப்பிடுகின்றன. பாட்டையே கணினி போட்டுத் தரும் காலத்தில் அவரையும் எத்தனை நாள் கூப்பிடுவார்களோ.

என்னைக் கேட்டால், நம்மிடம் பொருத்தமான பழைய சொல் ஒன்று இருக்கிறது: வாரம். விளைச்சலில் அரசனோ நிலத்துக்காரரோ எடுப்பது மேல்வாரம், உழுதவனுக்குக் குடிவாரம். ராயல்டி மேல்வாரமாகப் பிறந்து குடிவாரமாக மாறிய சொல். இலக்கணப்படி 'படைப்பு வாரம்' என்று சொல்லலாம். தொகை என்பதில் இல்லாத பங்கு என்ற பொருள் இதில் இருக்கிறது.

நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். "வாரமா? அவ்வளவு பேராசை இல்லை சார். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தாலே போதும்."