குறி மாறினால் மூலம் கிடைத்துவிடுமா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஒரு கோணத்தின் டேன் மதிப்பு அந்தக் கோணத்துக்கே (ரேடியனில்) சமமாகும் இடத்தை இருசமக்கூறிடல் முறையில் (குறி மாறும் இரு முனைகளுக்கு நடுவே பாதி பாதியாக வெட்டி, மதிப்பு சுழியாகும் இடத்தை, அதாவது மூலத்தை, நெருங்கும் முறை) கண்டுபிடித்ததாக ஒருவர் வந்தார். விடை 4.7124. பத்து தசம இடம் வரை சுத்தமாக அச்சிட்டிருந்தார். அத்தனையும் தப்பு.

முதலில் 4, 5 என்று எல்லை கொடுத்திருக்கிறார். டேனிலிருந்து கோணத்தைக் கழித்தால் இரண்டு முனையிலும் குறை எண்: −2.84, −8.38. "மூலம் இல்லை" என்றது நிரல். சரி, கொஞ்சம் நகர்த்துவோம் என்று 4.6, 5 கொடுத்தார். இப்போது குறி மாறுகிறது. நிரலும் சமர்த்தாகப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய் 3பை/2இல், அதாவது அந்த 4.7124இல், நின்றுவிட்டது. அங்கே டேன் ஒரு பக்கம் மேலே பாய்கிறது, மறுபக்கம் பாதாளத்திலிருந்து கிளம்புகிறது. சுழியைத் தொடவே இல்லை. உண்மையான மூலம் 4.4934, அவர் முதலில் கொடுத்த எல்லைக்குள்ளேயே இருந்தது!

"குறி மாறினால் மூலம் உண்டு" என்பது பாதிப் பாடம். கணிதவியலாளர் போல்சானோ 1817இல் நிறுவியது தொடர்ச்சியான சார்புக்கு. அந்த ஒரு சொல்லைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுகிறார்கள். பேனாவை எடுக்காமல் வரைந்த கோடு அச்சின் கீழிருந்து மேலே போக வேண்டுமென்றால் அச்சை வெட்டித்தான் ஆக வேண்டும். பேனாவைத் தூக்கிவிட்டால் தாண்டிக் குதித்துவிடும். மறுதலையும் செல்லாது: குறி மாறவில்லை என்றால் மூலம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே இரண்டு மூலம் இருக்கலாம், அல்லது அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

தயவுசெய்து முதலில் வரைபடம் போடுங்கள். அப்புறம், கடைசிப் புள்ளியில் சார்பின் மதிப்பையும் அச்சிடுங்கள். இவர் 30 முறை வெட்டியிருந்தார். சுழியை ஒட்டி இருக்க வேண்டிய மதிப்பு அந்த இடத்தில், குறியை விட்டுப் பார்த்தால், 200 கோடிக்கு மேல். ஒரே வரி போட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். இந்தக் கணக்குக்கு டேனே வேண்டாம்: சைனிலிருந்து கோணம் பெருக்கல் கொசைனைக் கழித்த சார்பை எடுத்தால், அதே 4, 5 எல்லையில் 4.4934 ஒழுங்காக வரும்.

இரு முனை மதிப்புகளையும் பெருக்கிக் குறி பார்க்காதீர்கள். மிகச் சிறிய எண்கள் பெருகிச் சுழியாகிவிடும். குறிகளை நேராக ஒப்பிடுங்கள்.

திரும்பத் திரும்ப வெட்டும் லூப்புக்கு ஓர் எண்ணிக்கை வரம்பும் வையுங்கள். 999க்கும் 1000க்கும் நடுவே தேடினால், இரட்டைத் துல்லியத்தில் (கணினி ஓர் எண்ணை 64 பிட்டில் வைக்கும் முறை) 43 வெட்டுக்கு மேல் வெட்ட இடமே கிடையாது. பிழை 10இன் அடுக்கு −16க்குக் கீழே வரட்டும் என்று இரவு முழுக்க ஓடவிட்டுவிட்டு, காலையில் கணினி பழுது என்று என்னிடம் வராதீர்கள்.