உடைந்த குழாய்க்குள் ஒரு புதுக் குழாய்

கழிப்பறை அடைத்துக்கொள்கிறது. கம்பி விட்டுக் குத்தினால் சரியாகிறது. சில வாரம் போனதும் மறுபடியும் அடைப்பு. இப்படியே நடந்தால் கோளாறு பெரும்பாலும் மண்ணுக்கடியில் போகும் கழிவுக் குழாயில் இருக்கிறது.

பழைய சுட்டமண் குழாய்களில் சிமென்ட் பூசிய ஜாயின்டுகள்தான் பலவீனமான இடம். மண் லேசாக அமுங்கினாலே அங்கே மயிரிழை விரிசல் விழும். அதில் கசியும் ஈரம் போதும், வேர் நுனி தேடி வந்துவிடும். நூல் மாதிரி நுழையும் வேர், தண்ணீரும் சத்தும் ஒருசேரக் கிடைத்ததும் உள்ளே துடைப்பம் போலப் பரவுகிறது. நாம் வெட்டுவது துடைப்பத்தை மட்டும்தான். விரிசல் அப்படியே இருப்பதால் வேர் திரும்ப வளர்கிறது.

தோண்டி மாற்றலாம்தான். ஆனால் குழாய் வீட்டுத் தரைக்கடியில் போகிறதே? 1971-ல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர் வேறு வழி கண்டார்: பழைய குழாயையே அச்சாக வைத்து, அதற்குள் புதுக் குழாயை வார்த்துவிடுவது.

முதலில் கேமரா விட்டுப் பார்த்து, வேரை வெட்டி, அழுத்தத் தண்ணீரால் கழுவுகிறார்கள். இதில் சோம்பல்பட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். அப்புறம் ஃபெல்ட் என்ற கம்பளம் போன்ற தடித்த துணியால் ஆன நீண்ட உறை வருகிறது. வெளியே பிளாஸ்டிக் படலம், உள்ளே ரெசின் என்ற பிசின் போன்ற திரவம் ஊறிய துணி. அதைக் கெட்டிப்படுத்தும் ஹார்டனரும் அதில் கலந்திருக்கும். உறையின் வாயை வெளிப்பக்கமாக மடித்து ஒரு வளையத்தில் இறுக்கிக் கட்டி, காற்றாலோ தண்ணீராலோ அழுத்துகிறார்கள். சட்டைக் கையைப் புரட்டி உள்பக்கத்தை வெளியே எடுப்போமே, அதே மாதிரி உறை தன்னைத்தானே புரட்டிக்கொண்டு முன்னேறுகிறது. ரெசின் பக்கம் சுவரில் படிகிறது, வழவழப்பான பிளாஸ்டிக் பக்கம் உள்ளே வந்துவிடுகிறது. சுவரோடு உரசி இழுபடுவதே இல்லை. அதனால் வளைவுகளிலும் சிக்காமல் போகும். அழுத்தத்தை விடாமல் வெந்நீரோ நீராவியோ செலுத்தினால் சில மணி நேரத்தில் ரெசின் கெட்டிப்படும். ஜாயின்டே இல்லாத குழாய். வேருக்கு வாசல் இல்லை.

குளியலறையிலிருந்து வந்து சேரும் கிளைக் குழாயின் வாயையும் உறை மூடிவிடும். ஒரு குட்டி ரோபோ உள்ளே போய் அதை வெட்டித் திறக்கிறது.

குழாய் குறுகிவிடாதா? 100 மி.மீ. குழாயில் 3 மி.மீ. கனமுள்ள உறை போட்டால் பரப்பில் சுமார் 12 சதவீதம் குறையும். ஆனால் வழவழப்பு கூடுவதால் ஓட்டம் பெரும்பாலும் கெடுவதில்லை.

அச்சு நொறுங்கிப்போயிருந்தால் வார்க்க முடியாது. அப்போது கூம்பு வடிவ இரும்புத் தலையைப் பழைய குழாய்க்குள் இழுத்து, அதை உடைத்து வெளிப்பக்கம் தள்ளியபடியே, பின்னால் புது பிளாஸ்டிக் குழாயைக் கோர்த்து இழுக்கிறார்கள். இரண்டு முனையிலும் குழி வேண்டும். நடுவில் கிளைக் குழாய் சேரும் இடம் தவிர வேறெங்கும் தோண்ட வேண்டாம்.

இரண்டு முறையும் கைகொடுக்காத ஒன்று உண்டு: வாட்டம், அதாவது குழாயின் சரிவு. குழாய் நடுவில் தொய்ந்திருந்தால் புதுக் குழாயும் அதே தொய்வோடுதான் அமையும், அங்கே கழிவு தேங்கும். கேமரா ஓரிடத்தில் தண்ணீருக்குள் முங்கி எழுந்தால், அந்த இடத்துக்கு மண்வெட்டிதான்.