வாடின செடிக்கு தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு செடிய பிடுங்கி பாருங்க

இந்த வாரமும் அதே போட்டோதான். மேல இருந்து எடுத்த கத்திரி செடி, இலையெல்லாம் துவண்டு தொங்குது, கீழ ஒரு வரி: "தம்பி, காலையிலயும் சாயந்தரமும் தண்ணி ஊத்துறேன், யூரியாவும் ஒரு கை போட்டாச்சு, இன்னும் வாடுது, என்ன மருந்து அடிக்கலாம்?" மழை விட்டு வீட்டு தோட்டம் போடுற சீசன் வந்துட்டா பர்மாவுல பெகு, தட்டோன், மோல்மேன்னு நம்ம தமிழ் ஆளுங்க இருக்கிற பக்கமெல்லாம் இருந்து வைபர்ல இதேதான் வந்து விழுது. யேஸின் விவசாய யுனிவர்சிட்டில படிச்சிட்டு ஊர் ஊரா தோட்டம் பாத்து சொல்றதுதான் என் பொழப்பு, ஆனா ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதனால இங்க மொத்தமா எழுதிடுறேன்.

செடி வாடினா தண்ணி பத்தலன்னு யாருங்க சொன்னது? தண்ணி பத்தலன்னாலும் வாடும், சரி. தண்ணி ஜாஸ்தியானாலும் வாடும். வேர் அழுகினாலும் வாடும், தண்டுக்குள்ள புழு இருந்தாலும் வாடும், கிருமி போய் தண்ணி ஏறுற குழாய அடைச்சாலும் வாடும். மேல பாத்தா எல்லாம் ஒண்ணு போலதான் இருக்கும், அதனாலதான் இலைய போட்டோ எடுத்து அனுப்பாதீங்க வேர காட்டுங்கன்னு கத்துறேன். மண்ணுல விரல விட்டு பாருங்க மொதல்ல, ரெண்டு அங்குலம் போதும். ஈரமா இருக்கா? ஈரமா இருக்கிற மண்ணுல செடி வாடுதுன்னா அங்க இன்னும் ஊத்துற ஒவ்வொரு வாளியும் கெடுதல்தான். வேருக்கும் காத்து வேணும். நம்ம கீழ்நாட்டுல, அதான் தெற்கு பர்மாவுல, பாதி வீட்டு தோட்டம் பழைய நெல் வயல் மண்ணு, களிமண்ணு, தண்ணி உள்ள போனா லேசுல வெளிய வராது, மேல காஞ்ச மாதிரி வெடிச்சு தெரியும், ஒரு சாண் கீழ சேறு. இதுல மத்தியான வெயில்ல செடி கொஞ்சம் துவண்டு சாயந்தரம் நிமிர்ந்துட்டா அது சாதாரணம், பங்குனி சித்திரை வெயிலுக்கு பூசணி கூட அப்படித்தான் பண்ணும், அதுக்கு போய் ஓடி ஓடி ஊத்தாதீங்க.

யூரியா கதை இன்னும் மோசம். நூத்துக்கு 46 பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிற உப்பு அது. வேர் கெட்டு தண்ணி உறிஞ்ச முடியாம தவிக்கிற செடியோட காலடியில அத கொட்டினா இருக்கிற வேரும் கருகும். "வாங்கி வச்சது இருந்துச்சு தம்பி, அதான் போட்டேன்"னு ஒரு அக்கா சொன்னாங்க. இருக்குங்கிறதுக்காக போடுறதா அக்கா? செடி நல்லா தேறி புது இலை விடும்போது கொஞ்சமா, தண்டுக்கு தள்ளி போடுங்க, போதும்.

இப்ப அந்த அக்கா வீட்டு விசயத்துக்கே வரேன். பெகு பக்கத்துல ஒரு ஊர். கொல்லையில வரிசையா கத்திரி, பக்கத்துல தக்காளி, வேலியோரம் சின்பாவ், அதான் புளிச்சக்கீரை, செம்ம தோட்டம். மொதல்ல ஒரு ஓரத்துல ஒரு செடி வாடிச்சாம், இலை மஞ்சள் கூட ஆகல, பச்சையாவே தொங்கி போச்சாம். மறுநாள் பக்கத்து செடி, அப்புறம் அந்த வரிசையே. தண்ணி, யூரியா, அப்புறம் கண்ணு பட்டுடுச்சுன்னு நடுவுல ஒரு சட்டிக்கு சுண்ணாம்பு பொட்டு வச்சு கவுத்து வச்சாச்சு (சட்டி இருக்கட்டும், அதால செடிக்கு கெடுதல் ஒண்ணும் இல்ல). நான் போய் வாடின செடி ஒண்ண பிடுங்கி, தண்ட அடியில சரிவா அறுத்து பாத்தா உள்ள பழுப்பு கோடு. ஒரு கண்ணாடி கிளாஸ்ல தெளிஞ்ச தண்ணி கொண்டாங்கன்னு வாங்கி, அறுத்த முனை தண்ணியில படுற மாதிரி தண்ட ஆட்டாம பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல அறுத்த எடத்துலேர்ந்து வெள்ளையா பால் நூல் மாதிரி கீழ இறங்க ஆரம்பிச்சுது. அக்கா வாய பொத்திக்கிட்டாங்க. அந்த வெள்ளை நூல் முழுக்க பாக்டீரியா.

பாக்டீரியா வாடல்னு சொல்வாங்க, ரால்ஸ்டோனியா கிருமி, 1896லேயே இத கண்டுபிடிச்சு எழுதியாச்சு. கத்திரி, தக்காளி, மொளகா, உருளைக்கிழங்கு, இஞ்சி, கடலை வரைக்கும் புடிக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தா கொண்டாட்டம், நம்ம ஊர்ல ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. நல்லா கேட்டுக்கோங்க, இதுக்கு மருந்து கிடையாது. கடையில எது குடுத்தாலும் காசுதான் போகும், வாடின செடி திரும்ப எந்திரிக்காது. அக்கம்பக்கத்து மண்ணோட சேத்து தோண்டி எடுத்து எரிங்க, எருக்குழியில போடாதீங்க, வாய்க்கால்ல வீசாதீங்க. அந்த மண்வெட்டிய கழுவாம அடுத்த பாத்திக்கு கொண்டு போகாதீங்க. கிருமி தண்ணியில போகும், கால்ல ஒட்டுன மண்ணுல போகும், ஓசியா கெடைச்ச நாத்துல வரும். 2023 அக்டோபர்ல பெகுவுல வந்த வெள்ளம், மறுவருசம் செப்டம்பர்ல யாகி புயல் மிச்சம் கொண்டாந்த வெள்ளம், இதெல்லாம் யாரு தோட்டத்து மண்ண யாரு தோட்டத்துல போட்டுச்சோ. வெள்ளம் ஏறி இறங்குன கொல்லையா இருந்தா கத்திரிக்கு முன்னாடி யோசிங்க.

அதே எடத்துல மறுபடி கத்திரி தக்காளி மொளகா வைக்காதீங்க, மூணும் ஒரே குடும்பம். "கத்திரி போச்சு, அதான் தக்காளி வச்சேன்"னு பெருமையா சொல்றாங்க! சோளம் போடுங்க, கசூன் கீரை (வள்ளக்கீரை) போடுங்க, வெங்காயம் போடுங்க, ரெண்டு மூணு வருசமாவது அந்த குடும்பத்த அந்த பக்கம் சேக்காதீங்க. பாத்தி ஒரு அடிக்காவது மேடா இருக்கணும், மழை தண்ணி ஓட வழி வெட்டி விடுங்க.

கிளாஸ் தண்ணியில நூல் இறங்கலன்னா வேர பாருங்க. குச்சி குச்சியா இருக்க வேண்டிய வேர்ல மணி மணியா வீங்கி இருந்தா அது நூற்புழு, வேருக்குள்ள பூந்துக்கிற பொடி புழு, அப்படிப்பட்ட செடி ஒரேயடியா சாகாது, வளராம மஞ்சளா நின்னு உசிர வாங்கும். செவ்வந்தி இல்லீங்க, துலுக்க சாமந்தி, அத ஒரு சீசன் அந்த பாத்தி பூரா நெருக்கமா போட்டா புழு குறையும், வேலியோரம் அழகுக்கு ரெண்டு வச்சா குறையாது. இங்க இன்னொரு கூத்து, காராமணி வேர்ல உருண்டைய பாத்துட்டு நோய்னு மொத்த கொடியையும் பிடுங்கி போட்ட பெரியப்பா ஒருத்தர் இருக்காரு. பயறு வகை வேர்ல இருக்கிற உருண்ட நல்லது, காத்துல இருக்கிற தழைச்சத்த செடிக்கு புடிச்சு தர்றதே அதுதான். நகத்தால தள்ளினா உதிர்ந்துடும், உள்ள ரோஸ் கலரா இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்குனது, உதிராது.

செடி முழுக்க நல்லா இருந்து நுனி குருத்து மட்டும் தொங்குதா? அது குருத்துப்புழு. தொங்குற குருத்த ஓட்டைக்கு கீழ வரைக்கும் கிள்ளி நசுக்கி போடுங்க, வாரம் ஒரு தடவை சுத்தி வந்து இத செஞ்சாலே பாதி தீந்துடும். விட்டா அடுத்து காய்க்குள்ள போகும். புழு உள்ள உக்காந்திருக்கு, நீங்க வெளிய மருந்து அடிக்கிறீங்க, அதுக்கு என்ன? நீங்கதான் மறுநாளே அந்த காய பறிச்சு ஙாப்பியில (மீன் விழுது) தொட்டு பச்சையா கடிக்கிறீங்க. அடிச்சதுக்கப்புறம் எத்தன நாள் பறிக்க கூடாதுன்னு லேபிள்ல போட்டிருக்கும். சீன பாஷையிலயும் தாய்லாந்து பாஷையிலயும் இருக்கிற லேபிள் படிக்க தெரியலன்னா அந்த மருந்த வாங்காதீங்க, அவ்வளவுதான். கடைக்காரர் சில்லறையா தண்ணி பாட்டில்ல ஊத்தி குடுக்கிறத வாங்கவே கூடாது. அடுப்படி ஜன்னல்ல அப்படி ஒரு பாட்டில் நிக்கிறத நான் பாத்துட்டேன், அந்த வீட்டுல சின்ன பிள்ளைங்க இருக்கு. உங்க கால்ல விழுறேன், இத மட்டுமாவது கேளுங்க.

வாடல் வந்த மண்ணுலயும் கத்திரி வேணும்னு அடம்புடிக்கிறவங்களுக்கு ஒரு வழி இருக்கு, சுண்டை. வேலியில, கால்வாய் கரையில தானா மொளைக்குதே அதே சுண்டைதான், அதோட வேர் இந்த கிருமிக்கு நல்லா தாக்கு பிடிக்கும், அதுல கத்திரிய ஒட்டு போடலாம். சுண்டை விதை மொளைக்க நாளாகும், அதனால கத்திரிக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே விதைங்க. ரெண்டு தண்டும் பென்சிலுக்குள்ள இருக்கிற கரி குச்சி கனம் வந்ததும் புது பிளேடால ஒரே சரிவா வெட்டி, கீழ சுண்டை மேல கத்திரியா சேத்து, கிளிப்போ சின்ன டியூபோ போட்டு, ஒரு வாரம் நிழல்ல பிளாஸ்டிக் மூடி ஈரமா வைங்க. நடும்போது ஒட்டு போட்ட எடம் மண்ணுக்கு மேல தெரியணும். அங்க மண்ண அணைச்சீங்கன்னா கத்திரி அதுலேர்ந்து சொந்தமா வேர் விட்டு திரும்ப கிருமிகிட்டயே போய் நிக்கும். ஒட்டுக்கு கீழ சுண்டை துளிர் விட்டா அப்பப்ப கிள்ளி விடுங்க.