டியூமர் மார்க்கர் நம்பர் ஏறிடுச்சுன்னா கேன்சர்னு அர்த்தமா?

செக்கப் ரிப்போர்ட்ல சிஏ-125னு ஒரு வரி (சினைப்பை, அதாவது ஓவரி கேன்சருக்காக ரத்தத்துல பாக்கற ஒரு புரதம்), 35க்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு, உங்களுக்கு 60னு வந்திருக்கு, அவ்வளவுதான், அன்னிக்கு ராத்திரி வீட்ல யாருக்கும் தூக்கம் வராது. அந்த 60 எதைச் சொல்லுது எதைச் சொல்லலன்னு புரிஞ்சா பாதி பயம் போயிடும், அதுக்காகத்தான் இத எழுதறேன்.

பயோமார்க்கர்னா உள்ள நடக்கறத வெளிய காட்டிக்கொடுக்கற, அளந்து பாக்கக்கூடிய ஒரு அடையாளம். புரதமா இருக்கலாம், ஜீன்ல வந்த மாற்றமா இருக்கலாம். கேன்சருக்காகப் பாக்கறதைத்தான் டியூமர் மார்க்கர்ங்கறாங்க. 1840கள்லயே லண்டன்ல ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ்ங்கற டாக்டர் ஒரு நோயாளியோட சிறுநீர்ல வித்தியாசமான புரதத்தைப் பதிவு பண்ணிட்டாரு, மைலோமாங்கற எலும்பு மஜ்ஜை கேன்சருக்கான அடையாளம் அது, இன்னிக்கும் அதுக்கு அவர் பேர்தான்.

சிக்கல் என்னன்னா, இந்தப் புரதங்கள்ல பலதை நல்ல செல்லும் சுரக்குது. ஆம்பளைங்களுக்கு வர்ற புராஸ்டேட் கேன்சருக்காகப் பாக்கற பிஎஸ்ஏவை எடுத்துக்கோங்க, புராஸ்டேட் சுரப்பி சாதாரணமா உண்டாக்கறதுதான் அது, வயசாகி சுரப்பி வீங்கினாலும் ஏறும், இன்ஃபெக்‌ஷன் வந்தாலும் ஏறும். சிஏ-125 பீரியட்ஸ் நேரத்துல ஏறும், கர்ப்பத்துல ஏறும், ஃபைப்ராய்டு (கேன்சர் இல்லாத கருப்பைக் கட்டி) இருந்தாலும் ஏறும். ஆரம்ப நிலை கேன்சர் இருந்தும் ஏறாமலே இருக்கறதும் உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1000 பேர்ல 5 பேருக்கு நோய் இருக்குன்னு வைங்க, டெஸ்ட் நோயாளிகள்ல 90 சதவீதம் பேரைச் சரியா பிடிக்கும், நல்லா இருக்கறவங்கள்ல 90 சதவீதம் பேரை சரியா விட்டுடும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த 5ல 4 இல்ல 5 பேர் மாட்டுவாங்க, மீதி 995ல கிட்டத்தட்ட 100 பேர் ஒண்ணுமே இல்லாம மாட்டுவாங்க! அவங்களுக்கெல்லாம் ஸ்கேன், பயாப்சி (சின்னத் துண்டு சதை எடுத்துப் பாக்கறது), சில பேருக்கு ஆபரேஷன் வரைக்கும் போகும். பிரிட்டன்ல 2 லட்சத்துக்கும் மேல பெண்களை வருஷக்கணக்கா கவனிச்ச ஆய்வோட முடிவு 2021ல வந்துது, சிஏ-125 வெச்சும் ஸ்கேன் வெச்சும் தேடிப் பாத்ததால சினைப்பை கேன்சர் சாவு குறையல. அறிகுறியே இல்லாதவங்க இந்த டெஸ்ட்டை சும்மா எடுக்கறது தேவையில்லன்னுதான் நான் சொல்லுவேன். எடுத்து ஏறியிருந்தா, டாக்டர் வயசு, அறிகுறி, ஸ்கேன் எல்லாம் சேத்துதான் பாப்பாங்க, அந்த ஒத்த நம்பரை வெச்சு யாரும் கேன்சர்னு சொல்ல மாட்டாங்க.

அதே மார்க்கர் நோய் உறுதியான பிறகு ரொம்ப உதவும். குடல் கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு சிஇஏங்கற ரத்த மார்க்கர் இறங்கினது, சில மாசம் கழிச்சு படிப்படியா ஏறுதுன்னா நோய் திரும்புதான்னு உடனே தேடலாம்.

எனக்கு பெரிய விஷயமா படறது மருந்தைத் தேர்ந்தெடுக்கறதுலதான். மார்பக கேன்சர்ல 100க்கு 15லேர்ந்து 20 பேருக்கு ஹெர்-2 ஜீன் பல மடங்கு பெருகியிருக்கும், அதனால செல்லோட மேல 'வளரு வளரு'ன்னு சிக்னல் வாங்கற புரதம் அளவுக்கு மீறி முளைச்சிருக்கும். அதைப் போய் பிடிச்சு அடைக்கற டிராஸ்டுசுமாப்ங்கற மருந்து 1998ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. ஹெர்-2 பெருகாதவங்களுக்கு அதைக் கொடுத்து பிரயோஜனம் இல்ல, அதனாலதான் பயாப்சி எடுத்ததுமே இந்த டெஸ்ட்.

குடல் கேன்சர்ல இது இன்னும் தெளிவா தெரியும். செடுக்சிமாப்ங்கற மருந்து, செல்லை வளரச் சொல்ற ஈஜிஎஃப்ஆர்ங்கற மேல் சுவிட்சை அடைக்கும், ஆனா அதுக்குக் கீழ இருக்கற கேராஸ் ஜீன் மாறிப்போய் ஆன்லயே நின்னுட்டா மருந்து கேக்காது. காலிங் பெல் பட்டனையே பிடுங்கிட்டாலும் உள்ள ஒயர் ஒட்டிக்கிட்டிருந்தா பெல் அடிச்சுக்கிட்டேதானே இருக்கும், அந்த மாதிரி.

இப்போ லிக்விட் பயாப்சி, அதாவது கட்டியை வெட்டாம ரத்தத்துலயே பாக்கற டெஸ்ட், வந்திருக்கு. சாகற கேன்சர் செல்லோட டிஎன்ஏ துண்டு துண்டா ரத்தத்துல கலக்கும், சில மணி நேரத்துலயே அழிஞ்சும் போயிடும், அதனால ரத்தத்துல கிடைக்கறது கட்டியோட இன்னிய நிலவரம். நுரையீரல் கேன்சர்ல ஈஜிஎஃப்ஆர் மாற்றத்தைப் பாக்க இப்படி ஒரு டெஸ்ட்டுக்கு 2016ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ஆனா சின்னக் கட்டி போதுமான டிஎன்ஏவை விடாது, ரத்தத்துல இல்லன்னு வந்தா முடிஞ்சவரைக்கும் கட்டித் துண்டையே எடுத்துத்தான் மறுபடி பாப்பாங்க.