பொதியவிழ்த்தல்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டருகே உள்ள போட்டோ பிரதிக் கடையில், சென்ற வாரம் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கண்கலங்கி நின்றாள். இரவு முழுவதும் ஒப்படையைத் திருத்தியிருக்கிறாள். காலையில் பார்த்தால் ஒரு திருத்தமும் இல்லை. அவளுக்கு வந்தது ஸிப் கோப்பு, அதாவது பல கோப்புகளை இடம் மிச்சமாகும்படி இறுக்கி ஒன்றாகக் கட்டிய கோப்பு. அதைத் திறந்தாள், அவிழ்க்கவில்லை. "திறந்து பார்" என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்!

விண்டோஸில் ஸிப் கோப்பைச் சொடுக்கினால் உள்ளிருப்பவற்றைச் சாதாரணக் கோப்புறை போலக் காட்டும். அங்கிருந்தபடியே ஓர் ஆவணத்தைத் திறந்தால் கைக்குக் கிடைப்பது தற்காலிகப் பிரதி. அதில் செய்யும் திருத்தம் மூலத்தைச் சேராமல் போகலாம். மாக் கணினியிலோ அதே சொடுக்கில் எல்லாம் வெளியே வந்து பக்கத்தில் இறங்கிவிடும். இரண்டு செயலுக்கும் 'திற' என்ற ஒரே சொல் போதாது.

காற்சட்டை ஸிப்பிலிருந்து வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கரான பில் காட்ஸ் 1989இல் இந்த வடிவத்தை வெளியிட்டபோது, வேகத்தைக் குறிக்கும் சொல்லாகவே அதை வைத்தார். நாம் 'விர்ரென்று' என்போமே, அதுபோல.

தமிழில் 'சுருக்கிய கோப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கதைச் சுருக்கத்தில் முழுக்கதை இராது. ஸிப்பிலோ ஓர் எழுத்தும் தொலைவதில்லை. திரும்ப வரும் பகுதியை மீண்டும் எழுதாமல், 'இத்தனை எழுத்து பின்னே போய் எடுத்துக்கொள்' என்ற குறிப்பை மட்டும் அது வைக்கிறது. இடம் மிச்சமாவதற்கு அது முக்கியக் காரணம்.

நம்மிடம் 'பொதி' இருக்கிறது. புறக்கோட்டைச் சந்தையில் நாட்டாமைகள் எனப்படும் சுமைதூக்குவோர் முதுகில் சுமப்பது துணிப்பொதி. வழிநடைக்குக் கட்டிக்கொடுத்தது பொதிசோறு. சொல்லுக்குள் மறைந்து கிடப்பதும் பொதிந்த பொருளே. கட்டியது, உள்ளே முழுதாக இருப்பது, அவிழ்த்தால்தான் பயன்படுவது என்ற மூன்றும் இந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. அவிழ்தலும் அழகான வினை. முடிச்சும் அவிழும், மொட்டும் அவிழும். ஆகவே ஸிப் செய்தலைப் பொதிதல் என்றும், அன்ஸிப் செய்தலைப் பொதியவிழ்த்தல் என்றும் சொல்லலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் அடிக்கடி காணும் 'டார்' வேறு வகை. நாடாக் காப்பகம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம் அது. யுனிக்ஸ் கணினிகளில் கோப்புகளைக் காந்த நாடாவில் சேமிக்கப் பிறந்தது. அது எதையும் இறுக்குவதில்லை, கோப்புகளை வரிசையாகக் கோப்பதோடு சரி. நமது திணைக்களங்களில் தாள்களைக் கோத்து வைப்பதைக் 'கோவை' என்கிறோம். டாருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. கோத்த மொத்தத்தையும் பிறகு இறுக்குவது 1992இல் வந்த ஜீஸிப் என்ற மென்பொருள். ஸிப்போ ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே இறுக்கிப் பொதிகிறது. அதனால் ஸிப் பொதியிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுக்கலாம். இறுக்கிய கோவையில் நடுவே உள்ள தாள் வேண்டுமென்றாலும் முதலிலிருந்தே அவிழ்த்து வரவேண்டும்.