பாளைக்குத் தெரிந்த கணக்கு

பனையில் இருந்து விழுந்து கணுக்கால் முறிந்த சீவல் தொழிலாளி ஐயா ஒருவர், பிளாஸ்ரர் வெட்டிய மறுநாளே இயன்மருத்துவரான என்னிடம் வந்தார். "எப்ப பிள்ளை மரம் ஏறலாம்?" என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு கால்களையும் நாடாவால் அளந்து காட்டினேன். ஆறு வாரம் கட்டுக்குள் கிடந்த காலின் கெண்டைச்சதை இரண்டு சென்ரிமீற்றர் மெலிந்திருந்தது. எலும்பு பொருந்திவிட்டதால் கால் சரியென்று அர்த்தமில்லை. சதை ஓரளவு வேகமாகத் தேறும்; அதைக் குதியெலும்போடு இணைக்கும் குதிநாணுக்கு இரத்தோட்டம் குறைவு, அது ஆறுதலாகத்தான் பலப்படும். சதையின் தெம்பை நம்பிப் பாரத்தைக் கூட்டினால் அடி வாங்குவது நாண்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒருவரை அவசரப்படுத்தி, அவருடைய ஒரு மாதத்தை வீணாக்கியிருக்கிறேன்.

ஐயாவிடம் பனம்பாளை சீவுவதைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. முதலில் நாட்கணக்காகத் தட்டிப் பதப்படுத்த வேண்டுமாம். அப்புறம் காலையும் மாலையும் மெல்லிசாய் ஒரு சீவல். "ஒரேயடியா வெட்டினா பாளை பட்டுப்போடும் பிள்ளை." சரி, உங்கள் காலும் பாளைதான் என்றேன்.

கதிரையைப் பிடித்தபடி இரண்டு குதிகளையும் பத்துத் தடவை உயர்த்துவதில் தொடங்கினோம். எப்போது கூட்டுவது? நாட்காட்டியைப் பார்த்தல்ல. அடுத்த நாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது நோவு முன்பைவிடக் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். ஒரு படி இறங்க வேண்டும். கூடாவிட்டால் சில நாள் கழித்து இரண்டு தடவை சேர்க்கலாம். கனடாவில் இருந்து மகள் அழைத்து "இன்னும் நடக்கேல்லையோ?" என்று கேட்பதெல்லாம் இதில் கணக்கில்லை.

அதற்காக இலேசான பயிற்சியிலேயே மாதக்கணக்காக நிற்பதும் பிழை. அதையும் நிறையக் காண்கிறேன். 1940களில் தோமஸ் டிலோம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், காயப்பட்ட படையினருக்குப் பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய பாரத்தைக் கொடுத்து, பலம் ஏற ஏறப் பாரத்தையும் ஏற்றினார். சங்கீதம் பழகுபவர் சரளி வரிசையை முதற்கால வேகத்திலேயே பாடிக்கொண்டிருந்தால் மூன்றாங்காலம் எங்கே வரும்?

ஐயா இப்போது ஒற்றைக்காலில் எட்டுத் தடவை உயர்த்துகிறார். போன கிழமை மகன் இறக்கிய கருப்பநீர் ஒரு போத்தலோடு வந்து, ஏணியில் ஏறலாமோ என்று கேட்டார். எத்தனை படி என்றேன்.

"மூண்டு."